பெனி சைஸ்

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருந்தது.

ஜெபக்குமார் இன்னும் எதையும் அனுப்பியிருக்கவில்லை. ஃபைல்களைப் பத்திரமாக அனுப்பும் அந்தப் புது சாஃப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து, முதல் முறையாக இணைப்புக் கொடுத்து, ஒரு வாய் டீ குடிப்பதற்குள் திரை இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடது பாதி இந்த வீட்டு மெஷின், வலது பாதி அருள்புரத்தில் இருக்கும் கம்பெனி மெஷின், வலது பக்கம் வெறுமையாக இருக்கும் என்று முதலாளியின் மகன் சுரேந்தர் சொல்லியிருந்தான். வெறுமையாக இல்லை. மஞ்சளாக ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குப் பெனி என்று பெயர்.

பெனி அவனுடைய மகள் பெனிட்டா. உள் அறையில் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக் கலர் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் முன் அறைவரை கேட்டது. மற்ற நாளாக இருந்தால் திருப்பூர் ராயபுரத்து லைன் வீட்டில் பென்சில் சத்தமா கேட்கும்? பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட் இரவும் பகலும் ஓடும். அதன் அதிர்வு தரை வழியாக வந்து மேசையில் வைத்த டம்ளரை ஆட்டும். நாளை தீபாவளி, ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜெயபாண்டி குடும்பத்தோடு நேற்றே ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டான். கோடி வீட்டு வடநாட்டுப் பையன்களும் போய்விட்டார்கள். கிறிஸ்தவன் என்பதால் ஜெபக்குமார் ஊருக்குப் போவது கிறிஸ்துமஸுக்குத்தான். தீபாவளிக்கு லைன் வீட்டைக் காவல் காப்பது வருடாவருடம் அவன் தலையில் விழும். மனைவி எஸ்தர் காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்தக் கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு முந்தைய நாள் அங்கே கூட்டம் அலைமோதும் என்பதால் கடை அடைத்த பிறகுதான் வருவாள்.

கம்பெனிக்கும் லீவுதான். ஆனால் சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்கு எந்தத் தீபாவளி? குழந்தைகளுக்கான நைட் டிரெஸ் ஆர்டர் ஒன்று. ஆறு வயது அளவுக்குத் தைத்த சாம்பிளை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், மற்ற அளவுகளையும் உடனே அனுப்பு என்று நிற்கிறார்கள். திருப்பூரில் அர்ஜென்ட் என்ற சொல்லுக்கு மட்டும் லீவு கிடையாது. கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர் ஜெபக்குமார். போன மாதம்வரை துணி வெட்டுவதற்கான வரைபடமான பேட்டர்ன் ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் போவான். அந்த வெளிநாட்டு பையரின் ஆபீசிலிருந்து வந்தவர் அதைப் பார்த்துக் குதிகுதி என்று குதித்துவிட்டார். இனிமேல் எல்லாம் பாதுகாப்பாக இந்த சாஃப்ட்வேர் வழியாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு. அதைப் போட்டுக்கொடுக்கும் பொறுப்பு சுரேந்தருக்கு. அவன் சொந்தக்காரர்கள் சூழ எங்கோ பண்டிகை வீட்டு இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஃபோனிலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான்.

"மாஸ்டரு, இப்ப ஒரு பொட்டி வந்து நிக்குதுங்களா? இந்த மெசினை முன்னப்பின்னத் தெரியாது, நம்பலாமான்னு கேக்குமுங்க."

"ஆமா தம்பி. கீழ நீளமா என்னமோ எழுத்தும் நம்பருமா கெடக்கு."

"அது அந்த மெசினோட கைரேகையாட்டங்க. நம்ம சர்வருதானான்னு ஒத்துப் பாக்கறதுக்கு. ஆருங்க அதையெல்லாம் பாக்கறாங்க? எஸ் குடுத்துருங்க."

எஸ் கொடுத்தான். அடுத்துப் பெயர் கேட்டது, பெனி என்று அடித்தான். பாஸ்வேர்டுக்கும் பெனிதான். அவனுக்கு எல்லாமே அவள்தான், அதைச் சொல்ல அவன் கூச்சப்பட்டதும் இல்லை. பேட்டர்ன் மாஸ்டர்கள் சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சொந்தப் பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பொம்மைக்குப் போட்டால் கை தூக்குமா, குனியுமா, ஓடுமா? பெனிக்கு ஆறு வயது முடிந்திருந்தது. ஆறு வயதுச் சட்டை எல்லாம் முதலில் அவள் உடம்பில் ஏறி இறங்கித்தான் வெளிநாடு போகும். கட்டிங் செக்‌ஷனில் அந்த அளவைப் பெனி சைஸ் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

ஆக, பெயர் கேட்டது, கொடுத்தோம், அதே பெயரில் அதுவே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டது. அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தாலும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. எழுந்து ஃபேனைக் குறைத்தான், மறுபடி கூட்டினான், டீயை எடுத்துக் குடிக்காமலேயே கீழே வைத்தான். பிறகு முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஆறு வயதுக்கான பேட்டர்னை இடதிலிருந்து வலதுக்கு இழுத்துவிட்டான். பச்சைக் கோடு ஒரு கணத்தில் ஓடி முடிந்தது.

"அப்பா, இந்தத் துணி கடிக்குதுங்க," என்று உள்ளேயிருந்து பெனி கூப்பிட்டாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுவது தூத்துக்குடித் தமிழ். இவளோ இங்கேயே பிறந்து வளர்ந்து வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடுகிறாள். எஸ்தர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"சித்த நேரம் பொறுத்துக்கோங்க மகாராணி," என்று அவனும் அதே பாணியில் சொல்லிக்கொண்டு உள்ளே போனான்.

சாயம் போடாத துணியில் தைத்த முழுக்கை நைட் டிரெஸ். நிறம் பழுப்பு வெள்ளை, புதுத் துணிக்குரிய எண்ணெய்யும் பஞ்சும் கலந்த வாசனை. அவளை நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, திருப்பிப் பார்த்தான். வழக்கம்போல் கழுத்து இடது பக்கம் கொஞ்சம் சரிந்து நின்றது. அது சட்டையின் குற்றம் இல்லை. ஒரு வயதில் கட்டிலிலிருந்து விழுந்து காறை எலும்பு உடைந்ததில் அவளுடைய இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தையல் தெரிந்தவனுக்குத் தெரியும். பேட்டர்னில் இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அந்தச் சரிவை அவன் மனதிலேயே கழித்துக்கொள்வான். எங்கேயும் வரைந்தது இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது வலது பக்கத்து ஃபைல்களின் நேரம் மாறியிருந்தது. அனுப்பிய பிறகு யாரோ திறந்து திருத்தியிருக்கிறார்கள். லீவு நாளில் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே முன்பக்கத்தைத் திறந்தான்.

இடது தோள் இறங்கியிருந்தது.

ஒரு விரல் அளவு. நேர்த்தியான திருத்தம். வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்திருந்தது. அவனே உட்கார்ந்து வரைந்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஒருவேளை என்றைக்காவது மறதியாக நாமே வரைந்து வைத்தோமோ என்று இடது பக்கத்து ஃபைலைத் திறந்தான். அது ஒழுங்காக, இரண்டு தோளும் சமமாக இருந்தது. அதையே மறுபடி அனுப்பிப் பழையதை அழித்தான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் மாறியது. திறந்தான். இடது தோள் இறங்கியிருந்தது.

ஃபோன் அடித்ததும் துள்ளிவிட்டான். சுரேந்தர்.

"மாஸ்டரு, சாரிங்க. நான் பாட்டுக்கு உங்களைப் போட்டுப் பாடாப் படுத்திட்டனுங்க. இப்பத்தான் வாட்ச்மேன் தவசி சொல்றானுங்க, மத்தியானமே மெயினை எறக்கிப் பூட்டிட்டுப் போயிட்டானாமா. சர்வர் ஆஃபுங்க. உங்களுக்குக் கனெக்டே ஆயிருக்காது."

ஜெபக்குமார் திரையைப் பார்த்தான். மூலையில் பச்சைப் புள்ளி விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"கனெக்ட் ஆயிருக்கு தம்பி. ஃபைலும் அனுப்பிட்டேன்."

"அதெப்படிங்க ஆகும்?" அந்தப் பக்கம் யாரோ சுரேந்தரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "ஓ, புரிஞ்சுதுங்க. அட்ரஸை மாத்திப் போட்டு உங்க மெசினுக்கே கனெக்ட் பண்ணியிருப்பீங்க. நம்ம ஆபீஸ்லயே ரண்டு பேரு இப்படிப் பண்ணிட்டு முழிச்சானுங்க. ஒண்ணும் பயமில்லீங்க, உங்க ஊட்டுக்குள்ளயே எடுத்து உங்க ஊட்டுக்குள்ளயே வெச்சுட்டிருக்கீங்க."

"உள்ள யாரோ திருத்துறாங்க தம்பி."

"வேணும்னா நெட் ஒயரைப் புடுங்கிப் பாருங்க. வெளிய ஆராச்சும் இருந்தா நின்னுபோயிரும். ஓடுச்சுன்னா உங்க மெசினுதானுங்க. சரிங்களா? தீபாவளி முடிஞ்சு பாத்துக்கலாமுங்க."

வெளியே எங்கோ தூரத்தில் ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது, மருந்து வாசனை ஜன்னல் வழியாக மெல்லிசாக உள்ளே வந்தது. ஜெபக்குமார் மேசைக்கு அடியில் குனிந்து, தூசியும் நூல் பிசிறும் அப்பிக் கிடந்த இடத்தில் கையை விட்டுத் தேடி, நெட் ஒயரைப் பிடுங்கினான். ஒயரின் முனையைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் ஃபைலின் நேரம் அப்போதுதான் மாறியது.

வெளியே யாரும் இல்லை என்றால் நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. சுரேந்தர் சொன்ன கணக்குப்படி, திருத்துகிறவர் இந்த வீட்டுக்குள் இருக்கிறார்.

முன் அறை, உள் அறை, சமையல்கட்டு. அதற்குப் பிறகு பின்கதவு, கேட் பக்கமாகத் திறக்கும் ஒடுக்கமான சந்து, சந்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான பாத்ரூம். ஒளிந்துகொள்ள இங்கே என்ன இருக்கிறது? ஆனாலும் எழுந்து போய்ச் சமையல்கட்டு லைட்டைப் போட்டுப் பார்த்தான். பின்கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள் அறையில் பெனி தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தான்.

பெனி ஃபோல்டருக்குள் இப்போது புதிதாக ஃபோல்டர்கள் இருந்தன. இரண்டு, நான்கு, எட்டு, பத்து, பன்னிரண்டு.

அதுதான் அவன் இன்றைக்கு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒப்புக்கொண்ட ஒரு அளவிலிருந்து மற்ற எல்லா வயதின் அளவையும் பிறப்பிக்க வேண்டும். நீளத்தை இவ்வளவு கூட்டு, அகலத்தை இவ்வளவு குறை என்று விதி கொடுத்தால் ஒரு சட்டையிலிருந்து ஒரு வரிசையே வந்துவிடும். இதற்குக் கிரேடிங் என்று பெயர். அவன் இன்னும் ஒரு விதியும் கொடுக்கவில்லை. யாரோ கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டைத் திறந்தான்.

சட்டைக்கான வரைபடம் அப்படியா இருக்கும்? சட்டைக்கு உடம்பைவிடச் சுற்றிலும் கொஞ்சம் தளர்ச்சி விட்டு வரைவார்கள். இதில் தளர்ச்சியே இல்லை. கோடு உடம்போடு ஒட்டிப் போயிருந்தது. அக்குளின் மடிப்பு, முழங்கையின் முட்டு, மார்பு எழும்பத் தொடங்குகிற இடம். நல்ல உயரம், எஸ்தருடைய ஒடிசலான இடுப்பு. இடது தோள் இறங்கியிருந்தது. பன்னிரண்டு வயதில் பெனி எப்படி இருப்பாள் என்று அவன் பலமுறை ஆசையாக நினைத்துப் பார்த்ததுண்டு. இப்படித்தான் இருப்பாள்.

இரண்டைத் திறக்க அவனுக்குத் தெம்பில்லை.

"ஏனுங்க மாஸ்டரு!"

முன்வாசலில் வீட்டுக்கார அம்மா மயிலாத்தாள் ஒரு தூக்குப் போசியோடு நின்றுகொண்டிருந்தாள். காம்பவுண்டின் முன்வீடு அவளுடையது. மூச்சு வாங்கியது.

"பலகாரமுங்க. பாப்பாவுக்குக் குடுங்க. ஏனுங்க, ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குதுங்களா?"

"இல்லியேம்மா. சொந்தக்காரங்க யாரும் வரலை."

"அட, பொய் சொல்றீங்களே. இப்பத்தானுங்க பாத்தேன். சந்துக்குள்ள ஒரு பெரிய புள்ள நிக்குது. நம்ம பாப்பாவாட்டமே மூஞ்சி. உங்க அண்ணன் புள்ளையாக்கும்னு நெனச்சேன். ஆரு கண்ணுன்னு கேட்டேன், பேசுல. செவுத்தைப் புடிச்சுட்டு அப்படியே பாக்குது." அவள் தன் இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டினாள். "இப்படிச் சாஞ்சாப்பல."

ஜெபக்குமார் வாசற்படியை விட்டு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் வந்தான்.

"என்ன துணியம்மா போட்டிருந்தா?"

"வெள்ளையா என்னமோ. சாயம் போடாத துணியாட்டங்க. கை மட்டும் நீளம் பத்துல, முழங்கையோட நின்னுபோச்சு. வளர்ற புள்ளைக்குப் பத்தாத துணியைப் போட்டு உட்டிருக்கீங்களேன்னு கேக்கத்தான் வந்தனுங்க." மயிலாத்தாள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவனுக்குப் பின்னால் அறைக்குள் பார்த்தாள். "சாமி, உங்களுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?"

போசியை வாங்கிக்கொண்டானா, அவளுக்குப் பதில் சொன்னானா என்பது அவனுக்கு நினைவில்லை. உள் அறைக்கு ஓடினான்.

பெனி கட்டிலுக்கு முன்னால் முழங்காலிட்டு, தலையைத் தாழ்த்தி, கட்டிலுக்கு அடியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் கலர் பென்சில்கள் பரத்திக் கிடந்தன. சிவப்புப் பென்சில் கட்டிலுக்கு அடியிலிருந்து மெதுவாக உருண்டு வெளியே வந்தது.

"பிள்ளே, யாருட்ட பேசிட்டு இருக்க?"

"பாப்பாகிட்டங்கப்பா. அவளுக்கு இன்னும் பேச வரல."

"எந்தப் பாப்பா?"

பெனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இது தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். "பெனிதானுங்க."

கட்டிலுக்கு அடியில் இருட்டாக இருந்தது. பால் குடிக்கும் குழந்தையின் வாசனை அங்கிருந்து வந்தது. புளித்த பாலும் பவுடரும். நான்கைந்து வருடங்களாக இந்த வீட்டில் இல்லாத வாசனை. அவன் குனியவில்லை. குனிய முடியவில்லை. பெனியை அள்ளித் தூக்கி இடுப்பில் வைத்தான். கிளம்ப வேண்டும். பைக் சாவி மேசையில் இருக்கிறது. காதர்பேட்டைக்குப் போய்விட வேண்டும், எஸ்தரிடம், விளக்கும் கூட்டமும் இரைச்சலும் இருக்கும் இடத்துக்கு. பின்கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அவன் நிற்கவில்லை.

முன் அறைக்கு வந்து சாவியை எடுக்கக் கை நீட்டியபோது திரை அவன் கண்ணில் பட்டது.

பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை மெதுவாக. இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு. மேலே ஒரே வரி: பெனி, ஆறு. நகலெடுக்கிறது என்று போடவில்லை. நகர்த்துகிறது என்று போட்டிருந்தது.

அவன் எதையும் அழுத்தவில்லை. எதையும் தொடவில்லை.

இடுப்பில் இருந்த பெனி கனக்கவில்லை.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. தூக்கினால் கொஞ்ச நேரத்தில் கை கடுக்கும். இப்போது கடுக்கவில்லை. கையை மாற்றிப் பிடித்தான். நேற்றுத் தைத்துக் கொண்டுவந்த சாம்பிள் பையின் கனம்தான் இருந்தது. பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. அவளுடைய கால்கள் அவன் தொடையில் இடிக்கவில்லை. இருந்தன. இடிக்கவில்லை.

"பெனி! பெனி, என்னப் பாரு."

"பாக்குறேங்கப்பா." குரல் அவன் தோளுக்குப் பக்கத்தில் கேட்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் கேட்டது.

மவுஸைப் பிடித்தான். வியர்வையில் வழுக்கியது. நிறுத்து என்ற பொத்தானைத் தேடி அழுத்தினான். ஒரு பெட்டி வந்து நின்றது. முதலில் வந்த பெட்டிக்குப் படிக்காமலேயே எஸ் கொடுத்தவன், இதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பாதிக்கு மேல் போய்விட்டது, இப்போது நிறுத்தினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோப்பு கெட்டுப்போகும், நிறுத்தலாமா? எஸ். நோ.

கெட்டுப்போகும்.

இரண்டு பக்கமும்.

கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் தானாக முனகியது. எஸ் கொடுத்தால் என் கையில் மிச்சம் இருப்பது என்ன? அங்கே கிடப்பது என்ன? அவன் தகப்பன். பாதிப் பிள்ளையை நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. அந்தப் பக்கத்திலாவது அவள் முழுசாக இருக்கட்டும். முழுசாக இருந்தால் தேடிப் போய்க் கூட்டி வந்துவிடலாம்.

நோ கொடுத்தான்.

கோடு ஓடி முடிந்தது.

அவன் கையில் சட்டை இருந்தது. பழுப்பு வெள்ளைச் சட்டை, உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை. கழுத்து இடது பக்கம் சரிந்திருந்தது.

உள் அறைக்கு ஓடினான். கட்டிலுக்கு அடியைப் பார்த்தான், இப்போது குனிந்து பார்த்தான். பென்சில் சீவிய தூள் மட்டும் கிடந்தது. சமையல்கட்டில் யாரும் இல்லை. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. பெனி பெனி என்று கூப்பிட்டபடி சந்துக்குள் ஓடினான். பாத்ரூம் கதவைத் தள்ளினான், ஜெயபாண்டி வீட்டுப் பூட்டை இழுத்தான், தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். சந்து விளக்கு எரியவில்லை. சுவர்கள் இரண்டும் அவன் மூச்சை அவனுக்கே திருப்பிக் கொடுத்தன. ஒரு அசைவு இல்லை. ஆனால் சந்து காலியாக இல்லை என்று அவன் தோலுக்குத் தெரிந்தது. புதுத் துணியின் எண்ணெய் வாசனை அங்கே அவ்வளவு அடர்த்தியாக இருந்தது.

காம்பவுண்டு கேட் கிரீச்சிட்டது.

எஸ்தர். அவளுடைய செருப்புச் சத்தம். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாள் என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அவளிடம் என்ன சொல்வது? சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி முன்வாசலுக்கு வந்தான்.

"பெனி! ஏ பிள்ளே! அம்மா வந்துட்டேன், ஓடி வா!" நாள் முழுக்க நின்ற களைப்பையும் மீறி, வாங்கி வந்த ஏதோ ஒன்றைக் காட்டப் போகிற உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது.

"வந்துட்டேங்கம்மா!"

சந்துக்குள்ளிருந்து வந்தது பதில். ஒரு குரல் இல்லை. கீச்சென்று ஒன்று, அதைவிடக் கொஞ்சம் தடித்து ஒன்று, வளர்ந்த பெண்ணின் குரலாக ஒன்று. ஒரே சொல், ஒரே இழுப்பு. எஸ்தருக்கு அது ஒரு குரலாகத்தான் கேட்டிருக்க வேண்டும். அவள் சிரித்தாள்.

கத்த வேண்டும் என்று ஜெபக்குமார் வாயைத் திறந்தான். வெறும் காற்று வந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் நல்ல இருட்டு. எஸ்தர் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரித்தாள். வெள்ளையாக ஒன்று சந்திலிருந்து ஓடி வந்தது. அவள் வழக்கம்போல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"என்ன பிள்ளே," என்றாள் திணறிக்கொண்டே, "ஒரே நாள்ல இப்படிக் கனக்க?"

அது பதில் சொல்லவில்லை. தலையை அவள் தோளில் சாய்த்து ஜெபக்குமாரைப் பார்த்தது. பெனியின் கண்கள். கழுத்தைச் சுற்றிப் போட்ட கை எஸ்தரின் முதுகில் இறங்கி இடுப்பையும் தாண்டித் தொங்கியது. முழங்கையோடு முடிந்திருந்தது சட்டைக் கை. கீழே, பெனியின் கால்கள் தரைக்கு மேலே தொங்க வேண்டிய இடத்தில், இரண்டு நீண்ட கால்கள் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு வந்தன.

எஸ்தர் அதைச் சுமந்துகொண்டு வீட்டை நோக்கி நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், சந்தின் வாயில், மற்றவர்கள் உயர வரிசையில் நின்று, தங்களையும் தூக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கைகளை நீட்டினார்கள்.